பழைய வீட்டைச் சரிபண்ணப் போகிறீர்களா? சிமெண்ட் மூட்டையை இறக்குவதற்கு முன்

தாத்தா கட்டிய வீடு உங்கள் பங்குக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திருவல்லிக்கேணியில் இருக்கலாம், மயிலாப்பூரில் இருக்கலாம், ஜார்ஜ் டவுனில் முத்தியால்பேட்டைப் பக்கம் இருக்கலாம். சுவர் ஒன்றரை அடி கனம். மேலே தேக்குச் சட்டங்கள் வரிசையாக ஓடுகின்றன. கீழே இடுப்பளவுக்குப் பூச்சு பொரிந்து கொட்டுகிறது. ஐப்பசி மழைக்குப் பின்கட்டில் ஒரு மூலை ஒழுகுகிறது. யாரிடம் கேட்டாலும் இரண்டு பதில்தான் வரும். "இடிச்சுட்டு ஃப்ளாட் கட்டிடுங்க" என்பது ஒன்று. "நல்லா சிமெண்ட் வெச்சுப் பூசிடலாம் சார், கல்லு மாதிரி நிக்கும்" என்பது இன்னொன்று.

முதல் பதிலை உங்கள் வீட்டுக்குள் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். நான் மாட்டிக்கொண்டது இரண்டாவதில்.

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஓதம் அடித்தது. பழைய பூச்சை நாலடி உயரத்துக்குச் சுரண்டிவிட்டு, கெட்டியாக சிமெண்ட் பூசி, மேலே விலையுயர்ந்த பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தோம். ஒரு வருஷம் பளபளவென்று இருந்தது. இரண்டாவது மழைக்காலம் முடிந்தபோது ஓதம் நாலடியைத் தாண்டி ஆறடிக்கு ஏறியிருந்தது. அதுவரை நன்றாக இருந்த மேல்சுவரும் உப்புப் பூத்து உதிர ஆரம்பித்தது. வந்து பார்த்த வயதான கொத்தனார் ஒருவர் சுவரை உள்ளங்கையால் தடவிவிட்டுச் சொன்னார்: "சொவருக்கும் வேர்க்கும் தம்பி. நீங்க அதுக்கு ரெயின்கோட்டு மாட்டி வுட்டுட்டீங்க."

அவர் சொன்னதுதான் இந்த வேலையின் அடிப்படை. செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும், பூச்சு வழியாக வெளியே விடும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்ணிய துளைகள் உண்டு. சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். போக வழியில்லாத ஈரம் மேலே ஏறும். ஈரத்தோடு கரைந்து வந்த உப்பு, செங்கல்லுக்குள்ளேயே உறைந்து அதை மாவாக்கும். தவிர, பழைய செங்கல் மெத்தென்று இருக்கும், சிமெண்ட் முரட்டுத்தனமாக இறுகும். வெயிலுக்கும் மழைக்கும் இரண்டும் ஒரே மாதிரி அசைவதில்லை. கடைசியில் உடைவது செங்கல்தான்.

ஆகவே முதல் வேலை, எந்த வேலையும் செய்யாமல் இருப்பது.

ஒரு மழைக்காலம் சும்மா பாருங்கள்

கூரை இடிந்து விழும் நிலையில் இல்லை என்றால், ஒரு வடகிழக்குப் பருவமழையை வீட்டோடு இருந்து பாருங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. ஒரு நோட்டுப் புத்தகமும் கைபேசியும் போதும். மழை பெய்யும்போதே மாடிக்குப் போய்த் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று படம் எடுங்கள். ஒழுகும் இடமும் ஓட்டை இருக்கும் இடமும் நேர்மேலே நேர்கீழே இருக்காது. தண்ணீர் சட்டத்தோடு ஓடி நாலடி தள்ளிச் சொட்டும்.

சுவரில் வெடிப்பு இருந்தால் அதன் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து வெடிப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் கட்டடம் இன்னும் அசைகிறது என்று பொருள். அப்போது கொத்தனார் போதாது, பழைய கட்டடம் தெரிந்த ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வேண்டும். கோடு கோடாகவே இருந்தால், அது என்றைக்கோ நடந்து முடிந்த கதை. நிதானமாக அடைத்துக்கொள்ளலாம்.

மரத்தை மரச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல தேக்கு 'டங்' என்று சொல்லும், கறையான் தின்றது 'பொத்' என்று சொல்லும். நடுவில் தட்டிவிட்டுத் திருப்தியாகப் போய்விடாதீர்கள். சட்டம் சுவருக்குள் நுழையும் நுனிதான் முதலில் உளுக்கும், ஏனென்றால் ஈரச் சுவருக்குள் காற்றில்லாமல் கிடப்பது அதுதான். அந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா? இல்லாமல் இருக்காது. அதைப் பிடுங்கினால் தண்டு கையோடு வரும், வேர் உள்ளே தங்கும், அடுத்த மழைக்கு இன்னும் தெம்பாக வரும். சுற்றியுள்ள சாந்தைத் தோண்டி வேரை முழுதாக எடுத்து, அந்தப் பள்ளத்தைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்க வேண்டும். கன்று விரல் கனத்தில் இருக்கும்போதே செய்துவிட்டால் அரை நாள் வேலை.

தண்ணீரை வெளியே அனுப்புங்கள்

ஓதம் என்றதும் பூச்சு வேலை என்று நினைக்கிறோம். பாதி இடங்களில் அது சாக்கடை வேலை. மாடித் தண்ணீர் இறங்கும் குழாய் சுவரோரத்திலேயே கொட்டுகிறதா, பின்கட்டுக் குழாயடியில் கசிகிறதா, பக்கத்து வீட்டு செப்டிக் டேங்க் சுவரை ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள். சென்னைக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. பழைய தெருக்களில் தார் மேல் தார் போட்டு ரோடு உயர்ந்துவிட்டது, வீடு தாழ்ந்துவிட்டது. ஒரு காலத்தில் ஏறி உட்கார வேண்டியிருந்த திண்ணை இப்போது தெருவுக்குச் சமமாக இருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் வாசலில் ஒரு தடுப்பும், சுவரை ஒட்டி ஜல்லி நிரப்பிய ஒரு வாய்க்காலும் செய்யும் நன்மையை எந்த ரசாயனப் பூச்சும் செய்யாது. முற்றத்தையும் சுவரோரத்தையும் டைல்ஸ் போட்டு மூடியிருந்தால், சுவரோரம் ஓரடியாவது திறந்துவிடுங்கள். மண் ஈரத்தை மேலே விட இடம் கிடைத்தால் சுவரைத் தேடி வராது.

காகித வேலை

சுருக்கமாகச் சொல்கிறேன். 2010ல் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை அடுத்து சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) கீழ் மரபுக் கட்டடப் பாதுகாப்புக் குழு அமைந்தது. நீதிபதி பத்மநாபன் குழு தயாரித்த மரபுக் கட்டடப் பட்டியலில் நானூறுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் உண்டு. உங்கள் கட்டடம் பட்டியலில் இருந்தால் இடிக்கவோ, முகப்பை மாற்றவோ சிஎம்டிஏவின் பாதுகாப்புக் குழுவின் சம்மதம் வேண்டும். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்துக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் அது தனிக் கணக்கு. சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக்கூடாது. அதற்கு அப்பால் இன்னொரு 200 மீட்டர் தூரத்துக்கு அனுமதி வாங்கிச் செய்ய வேண்டும். சாதாரண வீட்டில் பூச்சு, வெள்ளையடிப்பு, ஓடு மாற்றுவது போன்றவற்றுக்கு இவ்வளவு தலைவலி இல்லை. ஆனாலும் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

சுண்ணாம்பு

சரி, இப்போது கை அழுக்காகும் இடத்துக்கு வருவோம்.

கடையில் வெள்ளையடிக்க மூட்டையில் விற்கும் தூள் இதற்கு ஆகாது. காற்றுப் பட்டுப் பட்டு அதில் பாதி வெறும் சுண்ணாம்புக்கல் தூளாக மாறியிருக்கும். உங்களுக்கு வேண்டியது சூளையிலிருந்து வந்த சுட்ட சுண்ணாம்பு. கல்லைச் சுட்டது ஒரு வகை, கிளிஞ்சலைச் சுட்டது இன்னொரு வகை. கிளிஞ்சல் சுண்ணாம்பு வெள்ளையாகவும் நைசாகவும் இருக்கும், மேல்பூச்சுக்கு அதுதான் அழகு. பழவேற்காடு ஏரிக் கிளிஞ்சலுக்கு இந்தப் பக்கத்தில் பழைய பெயர் உண்டு.

சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டு நீற்றும்போது தொட்டியில் முதலில் தண்ணீர், பிறகு சுண்ணாம்பு. மாற்றிச் செய்தால் கொதித்து முகத்தில் தெறிக்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். கண்ணில் பட்டால் நிறைய நல்ல தண்ணீரில் கழுவிக்கொண்டே கண் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இதில் வீரம் காட்ட வேண்டாம். கொதி அடங்கியதும் வடிகட்டி, மேலே நாலு விரற்கடை தண்ணீர் நிற்கும்படி ஊற விடுங்கள். குறைந்தது மூன்று வாரம். மூன்று மாதம் ஊறினால் வெண்ணெய் மாதிரி வழுக்கும்.

கலவைக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, இரண்டரை அல்லது மூன்று பங்கு மணல் என்று தொடங்கலாம். கடற்கரை மணல் கூடவே கூடாது, அதிலுள்ள உப்பே போதும் சுவரைத் தின்ன. ஈரம் அதிகமுள்ள அடிச்சுவருக்கு மணலில் ஒரு பங்கைக் குறைத்துச் சுர்க்கி சேர்ப்பார்கள். சுர்க்கி என்றால் அரைவேக்காட்டுச் செங்கல்லை இடித்த தூள். சுண்ணாம்பு காற்றைப் பிடித்துத்தான் இறுகும், அதற்கு மாதக்கணக்காகும். சுர்க்கி சேர்ந்தால் ஈரத்திலும் இறுகும்.

கடுக்காயும் வெல்லமும் பற்றி எல்லோரும் கேட்பார்கள். கடுக்காயை நசுக்கி, வெல்லம் சேர்த்து, தண்ணீரில் சில நாள் புளிக்க வைத்து, அந்தத் தண்ணீரைக் கலவையில் ஊற்றுவது வழக்கம். வெல்லம் சுண்ணாம்பைக் கூடுதலாகக் கரைக்கும், கலவை சீக்கிரம் வறளாமல் பார்த்துக்கொள்ளும். அளவு என்று கேட்டால் கொத்தனாருக்குக் கொத்தனார் மாறும். வெல்லம் கூடினால் பூச்சு இறுகாமல் பிசுபிசுக்கும், எறும்பும் வரும். முட்டையும் தயிரும் சேர்த்துக் கூழாங்கல்லால் தேய்த்துப் பளிங்கு போல ஆக்கிய மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு இந்த ஊரின் பெருமைதான். ஆனால் உங்கள் முதல் முயற்சி அதுவாக இருக்க வேண்டாம். கூடத்தில் ஒரு தூணுக்குச் செய்து பார்க்கலாம், பிறகு ஆசைப்படலாம்.

எதைச் செய்தாலும் முதலில் பின்கட்டுச் சுவரில் இரண்டடிக்கு இரண்டடி மாதிரி பூசுங்கள். ஒரு மாதம் கழித்து நகத்தால் கீறிப் பாருங்கள். மாவாக உதிர்ந்தால் மணல் கூடிவிட்டது, இல்லை தண்ணீர் காட்டியது போதவில்லை. மயிர் மயிராக வெடித்தால் சுண்ணாம்பு கூடிவிட்டது, இல்லை வெயில் அடித்துவிட்டது.

பூசுவதற்கு முன்தினமே சுவரை நனைத்து வைக்க வேண்டும். செங்கல் இணைப்புகளில் மக்கிய சாந்தை அரை அங்குல ஆழத்துக்குச் சுரண்டி எடுத்தால்தான் புதுப்பூச்சு கால் ஊன்றும். ஒரே கனமாக அப்பக்கூடாது. முதல் பூச்சைக் கரணையால் வீசி அடித்து, சில நாள் விட்டு, இரண்டாவது பூச்சை மணியாஸ் கட்டையால் (பூச்சைச் சமப்படுத்தும் மரப்பலகை) தேய்க்க வேண்டும். பிறகு ஈரச் சாக்கு தொங்கவிட்டு இரண்டு மூன்று வாரம் தண்ணீர் காட்டுங்கள். தை பிறந்ததிலிருந்து பங்குனி வரை சென்னையில் இதற்கு ஏற்ற காலம். கத்திரி வெயிலில் பூசினால் காலையில் பூசியது சாயங்காலம் வெடிக்கும்.

மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் இவ்வளவும் வீண். சுண்ணாம்பு வெள்ளைதான், கொஞ்சம் நீலம் கலந்து. சட்டையில் ஒட்டும் என்று வீட்டில் குறை சொல்வார்கள். ஒட்டும்தான்.

மாடித் தளம்

கட்டட இன்ஜினியர்கள் மெட்ராஸ் டெரஸ் என்று சொல்வது உங்கள் தலைக்கு மேலே இருப்பதைத்தான். ஓரடி, ஒன்றரை அடிக்கு ஒரு தேக்குச் சட்டம். அதன் மேல் 6 அங்குல நீளம், 3 அங்குல அகலம், 1 அங்குலக் கனமுள்ள சிறிய செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, சட்டத்துக்கு மூலைவாட்டாக, சுண்ணாம்புச் சாந்தில் அடுக்குவார்கள். அதன் மேல் மூன்று நாலு அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். சித்தாள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காய்த் தண்ணீர் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்காகத் தட்டித் தட்டி அதை இறுக்குவார்கள். கடைசியாக மேலே தட்டோடு, அதாவது தட்டையான ஓடு. கம்பி இல்லை, கான்கிரீட் இல்லை. அப்படிப் போட்ட தளங்கள் நூறு வருஷத்துக்கும் மேலாக நிற்கின்றன. அந்தத் தட்டும் வேலையை முறையாகச் செய்யத் தெரிந்தவர்கள் இப்போது மிகக் குறைவு. ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு கேட்ட சத்தம் அது.

ஒழுகினால் முழுத் தளத்தையும் பெயர்க்க வேண்டாம். பெரும்பாலும் தட்டோட்டின் இணைப்பில்தான் கோளாறு இருக்கும். வெடித்த ஓடுகளை மட்டும் எடுத்து, அடியில் ஜல்லி கெட்டியாக இருந்தால் சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த சாந்தில் புது ஓடு பதித்து, இணைப்பைத் தேய்த்து மூடினால் போதும். ஒரு சட்டம் மட்டும் போயிருந்தால் இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து அதை மட்டும் மாற்றலாம். இடித்த வீட்டுச் சாமான் விற்கும் கடைகளில் பழைய பர்மா தேக்கு கிடைக்கும், புது மரத்தைவிட அதுவே மேல்.

தளத்தின் மேல் ரப்பர் மாதிரிப் படியும் வாட்டர்ப்ரூஃப் பூச்சைத் தயவுசெய்து அடிக்காதீர்கள். அது எங்காவது ஓர் ஓரத்தில் பிளக்கும், உள்ளே போன தண்ணீர் வெளியே வராது, மரம் அமைதியாக மக்கும். நமக்குத் தெரிய வருவது சட்டம் தொய்ந்த பிறகுதான். சின்டெக்ஸ் டேங்க்கைத் தளத்தின் நடுவில் வைப்பதும் அப்படித்தான். ஆயிரம் லிட்டர் தண்ணீர் என்பது ஒரு டன். கனமான சுவருக்கு நேர்மேலே இரும்புச் சட்டம் போட்டு அதன் மேல் வையுங்கள். மாடியில் குளியலறை கட்டும் ஆசை இருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

ஒயரிங் பற்றி ஒரு வரி: சுவரைக் கொத்தி உள்ளே விடாமல், குழாயை மேலேயே ஓட்டுங்கள். கண்ணுக்குப் பழகிவிடும்.

ஆள் பிடிப்பது

இதுதான் கஷ்டமான படி. "சுண்ணாம்பு வேலை தெரியுமா?" என்று கேட்டால் யாருமே தெரியாது என்று சொல்ல மாட்டார்கள். "நீங்கள் பூசி இரண்டு மழை பார்த்த சுவர் ஒன்றைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். கோயில் திருப்பணி நடக்கும் இடங்களில் சுதை வேலை (சுண்ணாம்புச் சாந்தில் உருவங்கள் செய்வது) செய்கிறவர்களுக்குச் சுண்ணாம்பு கைவசம் இருக்கும். அவர்களிடம் விசாரித்தால் ஓர் ஆளிலிருந்து இன்னோர் ஆளுக்கு வழி கிடைக்கும். அரசுக் கட்டடப் புதுப்பிப்பில் வேலை செய்தவர்களும் உண்டு. சேப்பாக்கம் அரண்மனையின் கலஸ் மகால் 2012ல் தீப்பிடித்துச் சிதைந்தது. அதையும் பக்கத்திலுள்ள ஹுமாயூன் மகாலையும் பொதுப்பணித்துறை மீட்டெடுத்தபோது, இந்தப் பழைய முறைகளில் கை பழகியவர்கள் அங்கே தேவைப்பட்டார்கள்.

சதுர அடிக் கணக்கில் ஒப்பந்தம் பேசாதீர்கள். சதுர அடி என்றால் கை வேகம் பிடிக்கும், சுண்ணாம்புக்கு வேகம் ஆகாது. நாள் கூலி பேசுங்கள். கேட்பதை எண்ணிக் கொடுங்கள், கூடவே ஓர் இளைஞனை அழைத்து வரச் சொல்லுங்கள், அவனுக்கும் கூலி உண்டு என்று சொல்லுங்கள். எங்களுக்கு வேலை செய்த பெரியவரிடம் "உங்க பசங்க யாரும் இதுக்கு வரலியா?" என்று கேட்டேன். "வருஷத்துக்கு நாலு வேலை வந்தா வருவான். நாலு வருஷத்துக்கு ஒரு வேலை வந்தா எங்க வருவான்? அவன் டைல்ஸ் ஒட்டப் போயிட்டான்" என்றார். குறையாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னார். அதிலிருந்து நாங்களும் தெருவில் இன்னும் இரண்டு பழைய வீட்டுக்காரர்களும் வேலையைச் சேர்த்து வைத்து ஒரே மூச்சாகக் கொடுக்கிறோம். ஒரு வீட்டுக்கு நாலு நாள் வேலை என்றால் அவர் வர யோசிப்பார். மூன்று வீட்டுக்குப் பன்னிரண்டு நாள் என்றால் பேரனையும் கூட்டிக்கொண்டு வருகிறார்.

பார்த்துப் பழக

கை வைப்பதற்கு முன் கண் பழக வேண்டும். மெரினா எதிரே 1879ல் முடிந்த செனட் ஹவுஸ், சென்ட்ரல் பக்கம் 1913ல் திறந்த ரிப்பன் மாளிகை இரண்டும் புதுப்பித்த கட்டடங்கள். வெளியே நின்று பார்த்தாலே நிறையத் தெரியும். ஈசிஆரில் முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவுக்கு ஒரு நாள் முழுதாக ஒதுக்குங்கள். தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்து எடுத்துவந்து அங்கே மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். அங்கே திண்ணையில் உட்கார்ந்து அண்ணாந்து பாருங்கள். சட்டமும் கைமரமும் எப்படிப் பொருந்துகின்றன என்று புத்தகத்தில் படிப்பதைவிட நன்றாகப் புரியும். படிப்பாகவே எடுத்துக்கொள்ள நினைக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், மாமல்லபுரத்தில் 1957ல் தொடங்கிய அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது. ஆகஸ்டில் சென்னை தினத்தை ஒட்டி நடக்கும் மரபு நடைகளில் போனால், உங்களைப் போலவே ஒழுகும் வீட்டோடு மல்லுக்கட்டுகிற நாலு பேரைச் சந்திக்கலாம். எனக்கு அதில் கிடைத்த நட்பு இன்றைக்கும் கொத்தனார் நம்பரையும் கிளிஞ்சல் கிடைக்கும் இடத்தையும் பரிமாறிக்கொண்டிருக்கிறது.

வேலை முடிந்ததும் வருஷா வருஷம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். செப்டம்பரில் மாடியைப் பெருக்கி, தண்ணீர் இறங்கும் வாயில் அடைத்த சருகை எடுப்பது. அரசங்கன்று தேடுவது. பொங்கலுக்கு முன் வெள்ளை அடிப்பது. பொரிந்த இடத்தை அங்கங்கே கையகலத்துக்குப் பூசிவிடுவது.

அதற்காக, மிஞ்சிய சுண்ணாம்பைக் கொட்டிவிடாதீர்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு, மேலே தண்ணீர் நிற்கும்படி ஊற்றி, பின்கட்டில் நிழலில் வையுங்கள். தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் வருஷக்கணக்கில் கெடாது, ஊற ஊற இன்னும் நைசாகும். நீற்றிய தேதியை மூடியின் மேல் பெயின்டில் எழுதிவிடுங்கள். சாக்பீஸில் எழுதினால் முதல் மழைக்கே அழிந்துவிடும்.